என் குதிரையேற்றக் காணொளிகளுக்கு வரும் வசைப் பின்னூட்டங்களை என்ன செய்வது?

கேள்வி: கோவைக்காரி

வணக்கம். நான் கோவையில் வசிக்கிறேன், வயது 36. குதிரையேற்றம் பழகத் தொடங்கி இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று எங்கள் பயிற்சிப் பள்ளிக்கு வந்த, பதினோரு வயதான தரோபிரெட் இனப் பெட்டைக் குதிரையில்தான் பெரும்பாலும் ஏறுகிறேன். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே, இந்த வயதில் முதன்முறையாகச் சவாரி கற்றுக்கொள்வது எப்படி இருக்கும் என்று ஒரு பெண் தமிழில் சொல்லும் காணொளியைத் தேடிக் கிடைக்காததால், நானே ஞாயிறுதோறும் ஓரிரு நிமிடக் காட்சிகளை யூடியூபில் பதிவேற்றத் தொடங்கினேன். இருநூறு முந்நூறு பேர் பார்ப்பார்கள்; அவர்களில் பலர் சவாரி பழகுபவர்கள். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சென்ற மாதம், அங்கவடியிலிருந்து (சேணத்தில் கால் வைக்கும் வளையம்) கால் நழுவாமல் திடலை முதன்முறையாக ஒரு முழுச் சுற்று கேன்டரில், அதாவது தாவித் தாவிப் போகும் நடுவேக ஓட்டத்தில், வந்தேன். அந்த நாற்பது நொடிக் காட்சியை யாரோ எடுத்து, பெருங்கூட்டம் பின்தொடரும் ஒரு பக்கத்தில் போட்டுவிட்டார்கள். மூன்றே நாள்களில் என் காணொளியின் கீழே ஐந்நூறுக்கும் மேற்பட்ட பின்னூட்டங்கள் வந்தன. பாதிக்கு மேல் என் உடல் பருமனைப் பற்றியவை. "குதிரை பாவம், நீ இறங்கி அதைச் சும" என்று ஒருவர் எழுத, நூற்றுக்கணக்கானோர் அதற்கு விருப்பம் தெரிவித்திருந்தார்கள். பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு இது தேவையா என்று கேட்டவர்களும் உண்டு. இங்கே எழுதக் கூசும் சொற்களும் உண்டு. பன்னிரண்டு வயதான என் மகள் பள்ளித் தோழிகள் வழியாக அவற்றைப் படித்துவிட்டாள் என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது.

ஆனால் நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் வேறு. "கையைப் பார். ஒவ்வொரு தாவலுக்கும் அதன் வாயைக் கிழிக்கிறாய். குதிரையில் ஏற உனக்கு எந்தத் தகுதியும் இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். மற்றவற்றோடு அதையும் நீக்கிவிட்டேன். அன்றிரவு உறக்கம் வராமல், காணொளியைக் கால் பங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தாவலிலும் குதிரையின் தலை முன்னே போகும்போது லகான் விறைத்து இழுபடுகிறது. அதே கணத்தில் அவள் வாய் திறந்து, கடிவாள இரும்புக்கு அடியில் நாக்கின் ஓரம் தெரிகிறது. நாற்பது நொடியும் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

சேனலையே மூடிவிடு என்கிறார் கணவர். பின்னூட்டங்களைப் படிக்காதீர்கள் என்கிறார் பயிற்சியாளர். வசைபாடியவர் சொன்னது உண்மையாக இருக்கும்போது அதை எப்படி எடுத்துக்கொள்வது? மற்றவற்றை எப்படித் தடுப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

மறுமொழி 1: பழைய சவாரிக்காரன்

அம்மா, இருபத்தேழு ஆண்டுகள் பிறருக்குச் சவாரி கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அந்த மனிதருக்குக் குதிரையைப் பார்க்கத் தெரிந்திருக்கிறது; மனிதர்களிடம் பேசத் தெரியவில்லை. திடலில் ஒரு பயிற்சியாளர் மாணவரிடம் அதே சொற்களைச் சொன்னால் என்ன நடக்கும் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். மாணவர் அச்சத்தில் உடலை இறுக்குவார். உடல் இறுகினால் முழங்கை பூட்டிக்கொள்ளும். முழங்கை பூட்டிக்கொண்டால் அந்த வசையின் வலி கடைசியில் குதிரையின் வாய்க்குத்தான் போய்ச் சேரும்.

பிழை எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். டிராட்டில் (சீரான மெதுவோட்டத்தில்) குதிரையின் தலை ஏறக்குறைய அசையாமல் நிற்கும். ஆகவே கையை அசைக்காமல் வைத்திருக்கப் பழகுகிறோம். நடையிலும் கேன்டரிலும் அப்படியல்ல. ஒவ்வொரு எட்டிலும், ஒவ்வொரு தாவலிலும் தலையும் கழுத்தும் முன்னும் பின்னும் போய்வரும். டிராட்டில் பழகிய அதே அசையாத கையோடு கேன்டருக்குப் போகிறவர், தம்மை அறியாமலே தாவலுக்கு ஒரு முறை வாயை இழுக்கிறார். கேன்டரைப் புதிதாகக் கற்பவர்களில் இந்தப் பிழையைச் செய்யாதவர்களை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாரும் செய்வதால் குதிரைக்கு வலி குறைந்துவிடுவதில்லை. முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஈற்றிலும் நாக்கின் மீதும்தான் கடிவாள இரும்பு கிடக்கிறது. அந்த ஈற்றில் மெல்லிய தோலுக்கு அடியில் உடனே எலும்புதான்.

இரண்டு வாரங்களுக்குக் கேன்டரில் லகானைக் கையில் பிடிக்காதீர்கள். பயிற்சியாளர் நீள்கயிற்றைப் பிடித்துக் குதிரையை வட்டமாக ஓட்டும் லஞ்ச் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். அதன் பிறகு குதிரையின் கழுத்தில் ஒரு தோல் வாரைக் கட்டி, லகானோடு அந்த வாரையும் சுண்டுவிரலால் கோத்துப் பிடியுங்கள். நீங்கள் நிலை தடுமாறினால் இழுப்பு வாய்க்குப் போகாமல் வாருக்குப் போகும். முழங்கை எண்ணெய் போட்ட கதவுக் கீல்போலத் திறந்து மூட வேண்டும்.

இன்னொன்று மிக முக்கியம். வாய் திறப்பதைப் பார்த்ததும் மூக்குப்பட்டையை இறுக்கிக் கட்டச் சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். மூக்கெலும்புக்கும் பட்டைக்கும் இடையே பெரியவர்களின் விரல் இரண்டு நுழைய வேண்டும். இறுக்கிக் கட்டியிருந்தால் உங்கள் காணொளி அழகாக இருந்திருக்கும், யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவளுடைய வலி மட்டும் அப்படியே இருந்திருக்கும். அவள் வாயைத் திறந்து சொல்ல முடிந்தது நல்லதே.

மறுமொழி 2: கால்நடை மருத்துவர், திருப்பூர்

எடையைப் பற்றிய பின்னூட்டங்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அவற்றை எழுதியவர்கள் குதிரையின் பெயரைச் சொல்லி உங்களை நோகடித்திருக்கிறார்கள். குதிரையின் நலனில் உண்மையான அக்கறை இருந்தால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்கால்களுக்குச் சற்றுப் பின்னே மார்பைச் சுற்றியுள்ள அளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரையிலான நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறைய கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 183, நீளம் 163 என்றால் 460 கிலோ அளவில் வரும். ஏறுபவர், சேணம், காலணி, தலைக்கவசம் எல்லாம் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. இந்தக் குதிரைக்கு அது 92 கிலோ. அமெரிக்காவின் ஒஹாயோவில் எட்டுக் குதிரைகளைக் கொண்டு நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், சுமை 25, 30 சதவீதமானபோது தசைவலி கூடியது தெரிந்தது. எட்டுக் குதிரைகள் என்பது சிறிய எண்ணிக்கைதான் என்றாலும், வரம்பை மதிப்பதற்கு அது போதும். நீங்கள் அளந்து பாருங்கள். வரம்புக்குள் இருந்தால் அந்தப் பேச்சை முழுவதுமாக மறந்துவிடலாம். தாண்டியிருந்தால் வேறு குதிரையைக் கேளுங்கள்; அதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாய் திறப்புக்குக் கை மட்டுமே காரணம் என்று நான் முடிவு கட்ட மாட்டேன். ஓய்வு பெற்ற பந்தயக் குதிரைகளிடம் பல், முதுகு, குளம்பு ஆகிய மூன்றையும் முதலில் பார்க்க வேண்டும். கடைவாய்ப் பல்லின் கூரிய விளிம்பு கன்னத்தைக் கீறிக்கொண்டிருந்தால், எவ்வளவு மென்மையான கையும் அதற்கு வலிதான். சவாரியின்போது குதிரைக்கு வலி இருக்கிறதா என்பதைக் கண்டறிய, பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடைய குழுவினரும் 24 நடத்தைகளைக் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கியிருக்கிறார்கள். காதுகள் ஐந்து நொடிக்கு மேல் பின்னோக்கி மடங்கியிருப்பது, பற்கள் விலகி வாய் பத்து நொடிக்கு மேல் திறந்திருப்பது அல்லது திறந்து மூடிக்கொண்டே இருப்பது, வாலைச் சுழற்றி அடிப்பது, கண்ணின் வெண்மை திரும்பத் திரும்பத் தெரிவது போன்றவை அதில் உள்ளன. எட்டோ அதற்கு மேலோ காணப்பட்டால் எலும்பு, தசை சார்ந்த வலி இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பழைய காணொளிகள் எல்லாமே இதற்குப் பயன்படும் பதிவுகள். சேனலை மூடினாலும் அவற்றை அழித்துவிடாதீர்கள்.

மறுமொழி 3: லாயத்துப் பூனை

சகோதரி, நானும் ஒரு சிறிய சேனல் நடத்துகிறேன். பின்னூட்டப் பெட்டி நம் வீட்டுத் திண்ணை. யாரை உட்கார வைப்பது என்பது நம் விருப்பம். யூடியூபின் அமைப்புகளில் தடைச்சொற்களைச் சேர்த்துவைத்தால், அவை உள்ள பின்னூட்டங்கள் உங்கள் ஒப்புதலுக்காக நிறுத்திவைக்கப்படும். அங்கே ஒவ்வொரு வசைச் சொல்லையும் தமிழ் எழுத்தில் ஒரு முறையும், ஆங்கில எழுத்தில் நம்மவர்கள் எழுதும் மூன்று நான்கு வடிவங்களிலும் சேர்த்துவிடுங்கள். தொடர்ந்து தொல்லை தருபவரைச் சேனலிலிருந்து மறைத்துவிடலாம். அவருடைய பின்னூட்டங்கள் பிறருக்குத் தெரியாது, அவருக்கு அறிவிப்பும் போகாது. இன்ஸ்டாகிராமில் கணக்கு வைத்திருந்தால், கட்டுப்படுத்தும் வசதி இதேபோல் வேலை செய்கிறது.

அனுமதியின்றி எடுத்துப் போட்ட பக்கத்தின் மீது, காணொளியின் உரிமையாளர் என்ற முறையில் அந்தத் தளத்திலேயே பதிப்புரிமைப் புகார் அளிக்கலாம். புகாரில் தரும் உங்கள் தொடர்பு விவரம் எதிர்த்தரப்புக்குப் போகக்கூடும் என்பதால் வீட்டு முகவரியையும் சொந்தத் தொலைபேசி எண்ணையும் தருவதற்கு முன் யோசியுங்கள்.

எழுதக் கூசும் சொற்கள் என்று குறிப்பிட்டீர்கள். அவற்றை நீக்குவதற்கு முன் நாளும் இணைப்பும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துவைத்திருக்க வேண்டும்; இனியாவது எடுத்துவையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில், பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் நோக்கத்துடன் சொல்லும் சொற்களுக்கு 79-ஆவது பிரிவும், விடாமல் பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கு 78-ஆவது பிரிவும், மிரட்டலுக்கு 351-ஆவது பிரிவும் உள்ளன. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் வீட்டிலிருந்தே புகாரைப் பதிவு செய்யலாம்.

மறுமொழி 4: முன்பு எழுதியவன்

நான் மறுபக்கத்தில் இருந்தவன் என்பதால் எழுதத் தயங்கினேன். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஆகஸ்டில், நவீன ஐம்போட்டியில் (வாள்சண்டை, நீச்சல், குதிரையேற்றம், ஓட்டம், துப்பாக்கி சுடுதல் ஆகிய ஐந்தும் சேர்ந்த போட்டி) முன்னிலையில் இருந்த ஜெர்மனியின் அன்னிகா ஷ்லோய்க்கு, குலுக்கலில் சேன்ட் பாய் என்ற குதிரை கிடைத்தது. அந்தப் போட்டியில் முன்பின் அறியாத குதிரையோடு பழகுவதற்கு வீரர்களுக்கு இருபது நிமிடமே கிடைக்கும். அதற்குச் சற்று முன்பே வேறொரு வீராங்கனையிடம் தாண்ட மறுத்திருந்த அந்தக் குதிரை, இவரிடமும் மறுத்தது. அவர் அழுதுகொண்டே சாட்டையைப் பயன்படுத்தினார். பயிற்சியாளர் வேலிக்கு வெளியிலிருந்து குதிரையைக் கைமுஷ்டியால் குத்தியதற்காக நீக்கப்பட்டார். ஷ்லோய் 31-ஆவது இடத்துக்குப் போனார். அன்றிரவு உலகமெங்கும் அவர் மீது பாய்ந்த வசைகளில் நான் எழுதியவையும் உண்டு. குதிரைக்காகப் பேசுகிறோம் என்ற உறுதியோடுதான் எழுதினேன்.

குதிரைக்கு நேர்ந்தது தவறு என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. ஆனால் முன்பின் அறியாத குதிரையை இருபது நிமிடத்தில் ஓட்டச் சொல்லும் விதியை நான் அன்று ஒரு வரியும் கேள்வி கேட்கவில்லை. அழுதுகொண்டிருந்த பெண்ணைத்தான் ஏசினேன். அந்த விதியைப் பற்றி விவரமாகப் பேசியவர்களின் குரலும் சேர்ந்துதான், பாரிஸ் 2024-க்குப் பிறகு அந்தப் போட்டியிலிருந்து குதிரையேற்றமே விலக்கப்பட்டது. என் வசையால் எந்தக் குதிரைக்கும் எதுவும் ஆகவில்லை.

உங்களுக்கு எழுதியவர் நானல்ல. ஆனாலும் அவர் உங்கள் காணொளியை நின்று பார்த்திருக்கிறார், கையைப் பார்த்திருக்கிறார். முதல் இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதைத் தள்ளிவிடுங்கள், உங்கள் தகுதியைத் தீர்மானிக்கும் இடத்தில் அவர் இல்லை.

மறுமொழி 5: கோவைக்காரி

அனைவருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை. மூன்று வாரங்கள் ஆகிவிட்டன. முதலில் அளவு எடுத்தேன். குதிரை 452 கிலோ வருகிறது. நானும் சேணமும் மற்றவையும் சேர்ந்து 84 கிலோ. இந்தக் கணக்கை என் மகளே தாளில் போட்டுப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் முகம் சற்றுத் தெளிந்திருக்கிறது.

பல் பார்க்க மருத்துவர் வந்தார். மேல்வரிசைக் கடைவாய்ப் பற்களில் இரண்டு பக்கமும் கூரிய விளிம்புகள் இருந்தன. வலக்கன்னத்தின் உட்புறத்தில் ஆறிக்கொண்டிருந்த ஒரு கீறலை விளக்கடித்துக் காட்டினார். அராவிச் சரிசெய்த பிறகு ஒரு வாரம் கடிவாளமே போடவில்லை. அதன் பிறகு லஞ்ச் பயிற்சி, கழுத்துவார் என்று ஐயா சொன்ன வரிசையிலேயே செய்துவருகிறேன். சென்ற ஞாயிறு எடுத்த காட்சியை மறுபடியும் கால் பங்கு வேகத்தில் பார்த்தேன். நேர்க்கோட்டில் அவள் வாய் மூடியே இருக்கிறது. இடப்பக்கம் திரும்பும் மூலையில் நான் உள்பக்கக் கையை, அதாவது இடக்கையை, இறுக்குகிறேன், அங்கே மட்டும் மூன்று தாவல்களுக்கு வாய் திறக்கிறது.

நான் நீக்கிய அந்தப் பின்னூட்டத்தை மீட்க வழி தெரியவில்லை. அவர் சுட்டிக்காட்டிய பிழையை என் சொற்களில் எழுதி, பழைய காணொளியின் கீழே முதல் பின்னூட்டமாகப் பொருத்திவைத்திருக்கிறேன். புதிய காட்சியையும், மூலையில் வாய் திறக்கும் பகுதியை வெட்டாமல் ஏற்றியாகிவிட்டது. தடைச்சொற் பட்டியலைக் கணவரும் நானும் சேர்ந்து உட்கார்ந்து தயாரித்தோம். ஆபாசமாக எழுதிய இருவர் மீது புகாரும் பதிவு செய்திருக்கிறேன்.

மருத்துவரிடம் ஒரு கேள்வி. சேணத்தைக் கழற்றிய பிறகு அவள் முதுகில் வியர்வைத் தடம் இடப்பக்கம் முழுமையாகவும், வலப்பக்கத் தோளுக்குப் பின்னே உள்ளங்கை அளவுக்கு உலர்ந்தும் இருக்கிறது. சேணம் அங்கே அழுத்துகிறது என்று பொருளா, அல்லது அங்கே படவே இல்லை என்று பொருளா? படம் எடுத்துவைத்திருக்கிறேன், தனி இழையில் பதிகிறேன்.