ஆர்லிங்டனிலிருந்து வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தால் காங்கிரஸ் வாக்கு போய்விடுமா?

கேள்வி: ஆர்லிங்டன் மீனா

வணக்கம். அமெரிக்கக் குடியுரிமை பெற்று, வர்ஜீனியாவில் செனட்டர் தேர்தலில் வாக்களித்திருக்கிறேன். இப்போது வேலை மாறியதால் பொட்டோமாக் ஆற்றுக்கு அக்கரையில், வாஷிங்டன் டி.சி.யின் புரூக்லாண்ட் பகுதியில் வீடு பார்த்திருக்கிறோம். “அங்கே போனால் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் உங்களுக்காக வாக்களிக்க ஒருவர்கூட இருக்கமாட்டார்” என்கிறார் அலுவலகத் தோழி. உண்மையா? அப்படியானால் வரியாவது குறையுமா? புவேர்ட்டோ ரிக்கோ, குவாம் தீவுகளுக்கும் இதே நிலைதான் என்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: காரைக்கால் சேது

உங்கள் தோழி சொன்னது உண்மைதான், சகோதரி. நான் பெட்வொர்த் பகுதியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். பிள்ளைகள் பிறந்து வளர்ந்தது இந்த நகரத்தில். இந்த விஷயத்தில் எனக்கு நடுநிலை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வரி ஒரு காசுகூடக் குறையாது. கூட்டாட்சி வருமான வரியை நாங்கள் முழுமையாகக் கட்டுகிறோம். தலைக்கு எவ்வளவு என்று பார்த்தால் எந்த மாநிலத்தையும்விட அதிகம். 2020 கணக்கெடுப்பில் இங்கே 6,89,545 பேர், வயோமிங்கில் 5,76,851 பேர். வயோமிங்குக்கு இரண்டு செனட்டர்கள் உண்டு, எங்களுக்கு ஒருவரும் இல்லை.

முதல்முறை வாக்குச்சீட்டைப் பார்க்கும்போது குழம்பிப் போவீர்கள். காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கான ‘டெலிகேட்’ என்று ஓர் இடம் இருக்கும். எலினோர் ஹோம்ஸ் நார்ட்டன் 1991இல் அந்த இடத்துக்கு வந்தார். டெலிகேட் மசோதா கொண்டுவரலாம், குழுக்களில் வாக்களிக்கலாம். ஆனால் சபையில் ஒரு மசோதாவை நிறைவேற்றும் இறுதி வாக்கெடுப்பில் அவருக்கு இடமில்லை. அதே சீட்டில் ‘அமெரிக்க செனட்டர்’, ‘அமெரிக்கப் பிரதிநிதி’ என்றும் தனித்தனியாக இருக்கும். 1990 முதல் அந்தப் பதவிகளுக்குத் தேர்தல் நடக்கிறது. வெற்றி பெறுபவர்கள் மாநில அந்தஸ்து கேட்டுக் காங்கிரஸின் கதவுகளைத் தட்டுவார்கள், அவ்வளவுதான். அவர்களுக்கு அவையில் நாற்காலி கிடையாது. ஜனாதிபதி தேர்தலில் மட்டும், 1961இல் வந்த அரசமைப்பின் 23ஆவது திருத்தத்தால், மூன்று தேர்வர்கள் (ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் உறுப்பினர்கள்) எங்களுக்கு உண்டு.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வர்ஜீனியாவை விட்டுச் சென்னைக்கே போய் அடையாற்றில் குடியிருந்தாலும், வர்ஜீனியா வாக்காளராகவே செனட்டர் தேர்தலில் தபாலில் வாக்களிக்கலாம். ஓர் ஆற்றைத் தாண்டி நாட்டின் தலைநகருக்கு வந்தால் அந்த உரிமை போய்விடுகிறது. இதற்கு நியாயம் சொல்லும் ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

இது வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 2020 கொரோனா நிவாரணத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறைந்தது 125 கோடி டாலர் கிடைத்தது. எங்களைத் தீவுகளோடு சேர்த்துக் கணக்கிட்டு ஏறத்தாழ 50 கோடிதான் கொடுத்தார்கள். 2021 ஜனவரி 6 அன்று காங்கிரஸ் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தபோது, ஒரு ஆளுநரால் முடிவதுபோல் நம் மேயரால் தேசியக் காவல் படைக்கு உத்தரவிட முடியவில்லை. நகர மன்றம் இயற்றும் சட்டத்தைக் காங்கிரஸ் ரத்து செய்யலாம். 2023இல் குற்றவியல் சட்டத் திருத்தத்தை அப்படித்தான் ரத்து செய்தது. எங்கள் உள்ளூர் நீதிபதிகளை ஜனாதிபதி நியமிக்க, செனட் ஒப்புதல் தருகிறது. அந்த செனட்டில் எங்களுக்கு ஒரு வாக்குகூட இல்லை.

நான் பிறந்த புதுச்சேரி ஒரு முழு மாநிலம் அல்ல. ஆனாலும் மக்களவைக்கு ஒருவரையும் மாநிலங்களவைக்கு ஒருவரையும் அனுப்புகிறது. தலைநகரான டெல்லியிலிருந்து ஏழு பேர் மக்களவைக்குப் போகிறார்கள். தலைநகரவாசி என்பதற்காக ஒருவரின் வாக்கைப் பறித்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

பதில்: ராக்வில் பாலா

சேது அண்ணா, உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அரசமைப்புச் சட்டம் ‘மாநிலங்களின் மக்கள்’ தேர்ந்தெடுப்பவர்களே பிரதிநிதிகள் என்கிறது. டி.சி. மாநிலம் அல்ல. 2000ஆம் ஆண்டில் ஆடம்ஸ் எதிர் கிளிண்டன் வழக்கின் தீர்ப்பும் இதுதான். 1978இல் டி.சி.க்குக் காங்கிரஸில் பிரதிநிதித்துவம் தரும் ஓர் அரசமைப்புத் திருத்தத்தைக் காங்கிரஸ் நிறைவேற்றி மாநிலங்களுக்கு அனுப்பியது. 38 மாநிலங்கள் ஏற்க வேண்டிய இடத்தில் 16 மட்டுமே ஏற்றன, 1985இல் கெடு முடிந்தது.

தலைநகரம் எந்த மாநிலத்தின் கையிலும் இருக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 1783இல் சம்பளம் கேட்ட படைவீரர்கள் பிலடெல்பியாவில் கூடியிருந்த காங்கிரஸை முற்றுகையிட்டபோது பென்சில்வேனியா அரசு பாதுகாப்புக்கு முன்வரவில்லை. காங்கிரஸ் ஊரைவிட்டே வெளியேற வேண்டியதாயிற்று.

எனக்குத் தெரிந்து நேர்வழி ஒன்றுதான்: குடியிருப்புப் பகுதிகளை மேரிலாந்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடலாம். மீனா அக்கா, நீங்கள் இப்போது இருக்கும் ஆர்லிங்டனும் ஒருகாலத்தில் டி.சி. நிலம்தான். 1846–47இல் வர்ஜீனியாவுக்குத் திரும்பியதால்தான் உங்களுக்கு இன்று செனட்டர் இருக்கிறார்.

பதில்: மயாகுவேஸ் ஆசிரியர்

புவேர்ட்டோ ரிக்கோவில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன். தயவுசெய்து இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடாதீர்கள்.

தீவில் சம்பாதிக்கும் பணத்துக்குப் பெரும்பாலோர் கூட்டாட்சி வருமான வரி கட்டுவதில்லை. ஆனால் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். 1917 முதல் அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். 2020இல் 32 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். அவர்களுக்கு ஜனாதிபதி தேர்தலிலும் வாக்கு இல்லை. காங்கிரஸில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படும் ஓர் ஆணையர், அவருக்கும் இறுதி வாக்கு கிடையாது.

இதன் வேர் 1901இல் தொடங்கிய தீவு வழக்குகளில் இருக்கிறது. அரசமைப்புச் சட்டம் தீவுகளுக்கு முழுமையாகப் பொருந்தாது என்று அன்றைய உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கு வாழ்பவர்கள் ‘அந்நிய இனங்கள்’ என்ற எண்ணம் அத்தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அது இன்றுவரை ரத்தாகவில்லை. நியூயார்க்கிலிருந்து தீவுக்குக் குடிபெயர்ந்த வயெலோ மடேரோ என்பவர் பெற்ற ஊனமுற்றோர் உதவித்தொகை, அவர் தீவில் வசித்ததால் அவருக்கு உரியதல்ல என்று 2022இல் உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அவரிடமிருந்து 28,000 டாலருக்கு மேல் திருப்பிக் கேட்டது அரசு. வாக்கு இல்லாத ஊரில் ஏழையாக இருப்பது என்றால் இதுதான்.

அமெரிக்க சமோவாவின் கதை வேறு. அங்கே பிறப்பவர்கள் குடிமக்கள்கூட அல்ல, ‘அமெரிக்க நாட்டவர்’ மட்டுமே. குடியுரிமை வந்தால் பொதுநில வழக்கம் குலையுமோ என்று அஞ்சி அந்தத் தீவின் அரசே அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. ஆகவே எல்லோருக்கும் ஒரே மருந்து கிடையாது. புவேர்ட்டோ ரிக்கோ மக்களுக்குள்ளும் மாநிலமா, தனி நாடா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

பதில்: காரைக்கால் சேது

ஆசிரியர் ஐயா சொன்னதை ஏற்கிறேன். தீவு மக்கள் தங்கள் வழியைத் தாங்களே முடிவு செய்யட்டும். டி.சி. மக்கள் முடிவு செய்துவிட்டோம். 2016 வாக்கெடுப்பில் ஏறக்குறைய 86 சதவீதம் பேர் மாநில அந்தஸ்து கேட்டோம்.

பாலா தம்பி, மேரிலாந்து எங்களைக் கேட்கவில்லை, நாங்களும் மேரிலாந்தைக் கேட்கவில்லை. இரு தரப்பின் சம்மதமும் இல்லாத இணைப்பு எப்படி நேர்வழியாகும்? உங்கள் 1783 அச்சத்துக்கு டி.சி. மாநில மசோதாவிலேயே பதில் இருக்கிறது: காங்கிரஸ் கட்டடம், வெள்ளை மாளிகை, நினைவுச் சின்னங்கள் உள்ள நடுப்பகுதி கூட்டாட்சி நிலமாகவே நீடிக்கும், சுற்றியுள்ள குடியிருப்புகள் மட்டுமே மாநிலமாகும். அதைப் பிரதிநிதிகள் சபை 2020இல் 232–180 என்றும் 2021இல் 216–208 என்றும் நிறைவேற்றியது. செனட் அதை வாக்கெடுப்புக்கு எடுத்துக்கொள்ளவே இல்லை. ஏறக்குறைய யாரும் வசிக்காத அந்த நடுப்பகுதிக்கு 23ஆவது திருத்தம் தரும் மூன்று தேர்வர்களை என்ன செய்வது என்று கேட்டால், அது வலுவான கேள்வி. அதற்காக ஏறக்குறைய ஏழு லட்சம் பேரைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

உண்மையான தடை எல்லோருக்கும் தெரியும். டி.சி. 1964 முதல் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்து வருகிறது. 1959இல் அலாஸ்காவும் ஹவாயும் சேர்ந்தபோதும் இப்படித்தான் கட்சிக் கணக்குப் போட்டார்கள். அலாஸ்கா ஜனநாயகக் கட்சிக்கு, ஹவாய் குடியரசுக் கட்சிக்கு என்ற கணிப்பு தலைகீழாக முடிந்தது. பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவராக இருந்த காலத்தில் இந்நகரம் தன் மேயரைத் தேர்ந்தெடுக்கவே 1974 வரை காத்திருந்தது. அந்த வரலாற்றை ஒதுக்கிவிட்டு வெறும் சட்ட நுணுக்கம் பேச என்னால் முடியாது.

மீனா அவர்களே, புரூக்லாண்டுக்குத் தாராளமாக வாருங்கள், நல்ல இடம். வந்ததும் வாக்காளர் பதிவைச் செய்துவிடுங்கள். ஆனால் வர்ஜீனியா முகவரி இருக்கும்போதே உங்கள் இரண்டு செனட்டர்களின் அலுவலகத்துக்கும் டி.சி. மாநில மசோதாவை ஆதரிக்கச் சொல்லி எழுதிவிடுங்கள். அந்த மசோதாவுக்கு வாக்களிக்கக்கூடிய செனட்டர் உங்களுக்கு இருப்பது வீடு மாறும் வரைதான்.