புதுப்பிப்பு: வள்ளத்து மூடி, வெற்றிட முறையில்

பைபர் வள்ளத்தின் மீன்பெட்டி மூடியைக் கையால் பூசுவதா, நார்த்துணியைப் பையால் மூடிக் காற்றை உறிஞ்சி, அந்த வெற்றிடத்தில் ரெசின் (இறுகும் பிசின்) இழுப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, குருநகரில் இழுத்துப் பார்த்தாயிற்று.

கசிவு பார்க்கப் பம்பை அடைத்ததும் வெற்றிட மானியின் ஊசி இறங்கியது; எங்கோ காற்று புகுகிறது. பையின் மூலை மடிப்பில் மெல்லிய சீறல். பையின் ஒட்டுப்பட்டியை அழுத்தி, சீறல் நின்ற பிறகே ரெசின் குழாயைத் திறந்தோம். வெள்ளைத் துணி நனைந்து தெளிந்துகொண்டே போவது நல்ல காட்சி.

கையால் பூசும் நார்ப்பாயில் எடைக்கு ஏறக்குறைய 30 சதவீதம்தான் நார். நெய்த துணியை இப்படி இழுத்தால் 60ஐத் தாண்டலாம். மூடி நல்ல இலேசு. யாழ்ப்பாண வெயிலில் ரெசின் பாதிவழியில் இறுகிவிடும், விடியற்காலையே தோது.

முழு வள்ளத்துக்கும் செய்யலாமா என்று கேட்ட தம்பிக்கு: பை, குழாய் எல்லாம் ஒருதரம் பாவித்து எறிவது. இப்போதைக்கு உருளையால் கைப்பூச்சுதான் கட்டுப்படியாகும்.