ஸ்பின் போட்டதும் வாஷிங் மெஷின் நடக்கிறதா? சேலம் பக்கத்து மூன்று வீடுகளின் அனுபவம்

அஸ்தம்பட்டி:
எங்கள் டாப் லோடு, அதாவது மேலிருந்து துணி போடும், வாஷிங் மெஷினுக்கு ஏழு வயது. போன மாதம் ஸ்பின் ஆரம்பித்ததும் தடதடவென்று நகர்ந்து குளியலறைக் கதவுவரை வந்துவிட்டது. முதலில் வந்த மெக்கானிக், தரை சமமில்லை என்று மெஷினின் காலைத் திருகிவிட்டு முந்நூறு வாங்கிக்கொண்டு போனார். மறுநாளும் அதே கூத்து.

அடுத்து வந்தவர் செவ்வாய்ப்பேட்டைக்காரர். டிரம்மை ஒரு அழுத்து அழுத்திக் கையை எடுத்தார். ஒருமுறை எழும்பி நிற்க வேண்டியது, நாலைந்து தரம் குதித்தது. "சஸ்பென்ஷன் ராடு போச்சுங்க" என்றார்.

அவர் கழற்றிக் காட்டிய பிறகுதான் புரிந்தது. டிரம்மைச் சுற்றியுள்ள டப் எதன்மேலும் உட்கார்ந்திருக்கவில்லை, நாலு மூலையிலிருந்து ராடு எனும் நாலு கம்பியில் ஊஞ்சலாகத் தொங்குகிறது. ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஆட்டத்தை நிறுத்தாது. நிறுத்துவது கம்பியடியில் உள்ள பிளாஸ்டிக் கப்பின் உராய்வு. அது தேய்ந்தால் கதை முடிந்தது. வேகம் இரண்டு மடங்கானால், ஒருபக்கம் சேர்ந்த துணியின் இழுப்பு நாலு மடங்காகிவிடும். இத்தனையையும் ஒரு பிளாஸ்டிக் துண்டின் தலையில் கட்டியிருக்கிறார்களே என்றுதான் எனக்கு எரிச்சல்.

ஏற்காடு:
எங்கள் கதை இன்னும் மோசம். பனிமூட்டத்தில் துணி காயாது என்று எல்லாவற்றுக்கும் இரண்டு தரம் ஸ்பின் போடுவோம். ஒருநாள் குழந்தையின் ரப்பர் ஷீட்டையும் சேர்த்துப் போட்டேன். தண்ணீர் அதற்குள்ளேயே தங்கி ஒருபக்கம் பாரமாகி, ஒரு ராடு கழன்று டப் பக்கவாட்டில் இடித்தது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர மெக்கானிக் கேட்ட கூலி, ராடு விலையைவிட அதிகம்! 2016-இல் அமெரிக்காவில் சாம்சங் சுமார் 28 லட்சம் டாப் லோடு மெஷின்களைத் திரும்பப் பெற்றதே, அதிலும் பெரிய துணி, நீர்புகாத துணி போட்டு வேகமாகச் சுற்றும்போதுதான் அதிர்வில் மேல்மூடி பிய்ந்து வந்தது.

சூரமங்கலம்:
முன்பக்கம் கதவுள்ள ஃப்ரண்ட் லோடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. லாரியில் டிரம் ஆடாமல் இருக்கப் பின்னால் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். எங்களுக்கு மெஷின் மாட்டிய பையன் அதைக் கழற்றவே இல்லை. முதல் ஸ்பின்னில் மாடியே அதிர்ந்தது, கீழ்வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார்.

அஸ்தம்பட்டி:
ஒரு ராடு மட்டும் மாற்றினால் போதுமா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். புதியது ஒரு பக்கம், தளர்ந்தது மூன்று பக்கம் என்றால் டப் சாய்ந்துதான் தொங்குமாம். நாலையும் மாற்றிவிட்டோம். சில மாடல்களில் முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பிரிங் வேறுவேறு, கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.