சொந்த ஸ்கூபா உபகரணங்கள் வாங்க ஆலோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. அடிப்படைப் பயிற்சியை முடித்துவிட்டேன். இனி உபகரணங்களை ஒவ்வொன்றாகச் சொந்தமாக வாங்க நினைக்கிறேன். முகத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும் மாஸ்க் கிடைத்துவிட்டது; கால் துடுப்புகளும் வாங்கியாயிற்று.

சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும் அழுத்தத்துக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரில்தான் பெரிய குழப்பம். அதைச் சிலிண்டர் வால்வில் கவ்விப் பிடிக்கும் யோக் இணைப்பு பல இடங்களில் புழக்கத்தில் இருக்கிறது. வால்வுக்குள் திருகிப் பொருத்தும் டின் (DIN) இணைப்பிலோ ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) உள்ளே அடைபட்டு இருப்பதால் உறுதி அதிகம். 300 பார் அழுத்தம் வரை தாங்கும் வகையும் உண்டு. என் மனம் டின் பக்கமே சாய்கிறது. அதை வாங்கி, யோக் வால்வுகளுக்கு அடாப்டர் வைத்துக்கொண்டால் போதுமா? அடாப்டர் மாட்டினால் ரெகுலேட்டரின் முதல் நிலை (சிலிண்டரில் மாட்டும் பகுதி) பின்னந்தலையில் இடிக்குமா?

அடுத்தது பிசிடி, அதாவது காற்றடைத்து மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலங்கி. ஜாக்கெட் வகை நீர்ப்பரப்பில் நிமிர்ந்து மிதக்க வசதி. முதுகில் காற்றுப்பை உள்ள வகை அடியில் உடலைக் கிடையாக வைக்கிறது, ஆனால் மேலே வந்ததும் முன்னால் தள்ளுகிறது. புதியவருக்கு நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

மூழ்குவதற்காகக் கட்டும் எடைகளைப் பற்றியும் சொல்லுங்கள். 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் காற்றே இரண்டரை கிலோவுக்கு மேல் இருக்கும். அது குறையக் குறைய அலுமினிய சிலிண்டர் மிதக்கத் தொடங்குகிறது. கடைசி 50 பாரில், 5 மீட்டர் ஆழத்தில் நிலையாக நிற்க எடையை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்? முழுவதையும் இடுப்புப் பட்டையில் வைப்பதா, கொஞ்சத்தைச் சிலிண்டர் பட்டைக்கு மாற்றுவதா? எனக்குக் கால்கள் தாழ்ந்துவிடுகின்றன.

ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டரை இப்போதே வாங்கிவிடுவேன், அதில் சமரசம் இல்லை. மற்றவற்றில் எதை முதலில் வாங்கலாம் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.