அண்ணனுக்கு ஒரு இனிஷியல், தம்பிக்கு ஒரு இனிஷியல்

முத்தியால்பேட்டைக்காரன்:

தாத்தா பெயரில் இருந்த வீட்டைப் பாகம் பிரிக்க வாரிசுச் சான்றிதழ் கேட்டுப் போனபோது ஆரம்பித்த கதை இது. காகிதங்களைப் புரட்டிய எழுத்தர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "உங்க அப்பா இனிஷியல் வே. உங்க பெரியப்பாவுக்கு கிச்செனசாமின்னு இருக்கு. எப்படி சார் கூடப் பிறந்தவங்க?"

நியாயமான கேள்விதான். எனக்கும் அன்றைக்குப் பதில் தெரியாது.

பெரியப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாய். வியட்நாமின் சைகோனில் இருந்துவிட்டுத் திரும்பியவர். புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக்கொடுக்க வேண்டும். பெரியப்பா எழுதிக்கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. அதனால் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர். பெரியப்பா பழைய குடும்பப்பெயரோடு இருந்துவிட்டார். அப்பா பள்ளியில் வாத்தியார் வேலைக்குச் சேர்ந்ததும் தாத்தா வேலாயுதத்தின் முதல் எழுத்தைப் போட்டுக்கொண்டார்.

சரி, கிச்செனசாமி எங்கிருந்து வந்தது? வீட்டில் யாருக்கும் அப்படிப் பெயர் கிடையாது. பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் அவருடைய லிவ்ரே, அதாவது பிரெஞ்சுக் குடும்பப் புத்தகம், கிடைத்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்து, நடுப்பக்கத்தில் ஊதா முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்தது. அதில் தாத்தா பிறந்த வருஷமும் கொம்யூன், அதாவது நகராட்சி, பெயரும் இருந்தன. பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் என்ற ஊரில் இருக்கும் ஆவணக் காப்பகம், புதுச்சேரியின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தேடினேன். கிச்செனசாமி என்றால் கிருஷ்ணசாமியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், ஆனால் 'கிருஷ்ண' என்று ஆரம்பிக்கும் பெயர்களில் ஒன்றுமே இல்லை. கடைசியில் எண்பது வயது அத்தைதான், "கிருஷ்ணன்னு எந்தக் காலத்துல யாருடா சொன்னாங்க? கிச்சினன்னுதான் எங்க ஆயா கூப்பிடும்" என்றார். அங்கேதான் கதவு திறந்தது. பதிவேட்டில் எழுதியவர் பெயரைக் கெடுக்கவில்லை, அந்தக் காலத்து வாய்மொழியை அப்படியே எழுதியிருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

என் கொள்ளுத்தாத்தா நாராயணசாமி ஒரு ரெனோன்சான், அதாவது துறந்தவர். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, இங்குள்ளவர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். ஒருமுறை எழுதிக்கொடுத்தால் திரும்பப் பெற முடியாது. கூடவே, தலைமுறை தலைமுறையாகத் தொடரும்படி ஒரு குடும்பப்பெயரையும் சொல்ல வேண்டும். சிலர் பிரெஞ்சுப் பெயராகவே வைத்துக்கொண்டார்கள். ஷூ போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போன தகராறில் பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்த பொன்னுத்தம்பி பிள்ளை, லபோர்த் ஆனார். லபோர்த் வீதி வழியாக நாற்பது வருஷம் சைக்கிளில் போயிருக்கிறேன், அது யாரோ வெள்ளைக்காரத் துரை என்றே நினைத்திருந்தேன். எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு அவ்வளவு துணிச்சல் இல்லை போலிருக்கிறது. தன் அப்பா பெயரையே சொல்லிவிட்டார். அந்த அப்பாதான் கிச்செனசாமி.

ஆக, எங்கள் வீட்டில் யாரும் குடும்பப்பெயரை 'மாற்றவில்லை'. நம்மிடம் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அப்பா பெயர் ஒரு தலைமுறையோடு இனிஷியலாகி உதிர்ந்துவிடும். கேட்டார்கள், கையில் இருந்ததைக் கொடுத்தார்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது? சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் மாமா:

கடலூர்ப் பக்கம் பிரெஞ்சுக்காரன் தொந்தரவு இல்லை, எங்களுக்கு வந்தது வேறு தினுசு. 1920-களின் கிரயப் பத்திரங்களில் என் பாட்டனார் பெயருக்குப் பின்னால் படையாட்சி என்று நீளமாக இருக்கும். 1950-களின் பத்திரத்தில் வெறும் பெயர். அவருடைய தம்பி பத்திரத்தில் கவுண்டர் என்று இருக்கிறது! ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர்.

பாட்டனார் கருப்புச்சட்டைக்காரர். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்களே, அதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டே இருப்பார். தம்பிக்கு அண்ணன் செய்வது எதுவுமே பிடிக்காது, அவ்வளவுதான் காரணம்.

ஒன்று சொல்கிறேன். பத்திரத்தில் பெயரை வைத்துத் தேடாதீர்கள், சக்குபந்தியை, அதாவது நாலு பக்க எல்லையைப் பாருங்கள். எங்கள் மூன்று பத்திரத்திலும் பெயர் வேறு, ஆனால் "தெற்கே அய்யனார் கோயில் வாய்க்கால், மேற்கே பனந்தோப்பு" மாறவே இல்லை. பனந்தோப்பு இப்போது கல்யாண மண்டபம். இருந்தாலும் வாய்க்கால் போதுமே.

அரியாங்குப்பம் மருமகள்:

என் மாமனார் வீடு கத்தோலிக்கக் குடும்பம். மாமனாரின் தாத்தாவை வீட்டில் ராயப்பன் என்பார்கள். கல்லறைக் கல்லிலும் அதேதான். பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் தேடினோம், ராயப்பன் என்று ஒருவரும் இல்லை. சாமியார் சிரித்துக்கொண்டே, "லத்தீன்ல எழுதியிருக்கும்மா, பெத்ருஸ்னு பாரு" என்றார். இருந்தார்! அப்புறம் பிரெஞ்சுப் பதிவில் பார்த்தால் பியேர். மூன்றும் ஒரே ஆள். பேதுரு என்றால் பாறை, ராய் என்றால் கல் என்று சாமியார் விளக்கினார்.

அதிலிருந்து ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: அருளப்பன் என்றால் யோவான், பிரெஞ்சில் ழான். சின்னப்பன் என்றால் பவுல். சூசை என்றால் ழோசெஃப். முடியப்பன் என்றால் ஸ்தேவான், எத்தியேன். எங்கள் பக்கம் தேடுபவர்களுக்கு இந்த நோட்டு இல்லாமல் ஒரு அடி நகராது. பெண்கள் கதை இன்னும் மோசம். என் மாமியாரின் பாட்டி ஒரு பதிவில் மரி, இன்னொன்றில் மரியாயி, மூன்றாவதில் வெறும் "மனைவி". பெயரே போடவில்லை.

திருப்பாதிரிப்புலியூர் பையன்:

எங்க வீட்டுல குடும்பப்பெயரே பாஸ்போர்ட்காரங்க கேட்டப்பதான் வந்துச்சு. எங்க ஊர்ப் பேரைப் போட்டுட்டேன். என் பேரன் என்னைத் திட்டப் போறான்.

நெல்லித்தோப்பு விடுதிக்காரர்:

நாலு அறை வைத்து நடத்துகிறேன். குவாதலூப், ரெயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவுகளிலிருந்து வருஷத்துக்கு ஒரு சிலராவது பாட்டன் ஊர் தேடி வருவார்கள். 1854 டிசம்பரில் குவாதலூப்புக்குப் போய்ச் சேர்ந்த முதல் கப்பல் ஒரேலி. அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கும் மேலாக இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். கப்பலேறியவரின் சொந்தப் பெயர்தான் அங்கே பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயர்: முத்துசாமி, ராமசாமி, வேங்கடசாமி என்று.

போன வருஷம் ஒரு அம்மா வந்தார், குடும்பப்பெயர் சிதம்பரம். விடிந்ததும் கார் பிடித்துச் சிதம்பரம் போகிறேன் என்றார். நான் என் ரேஷன் கார்டைக் காட்டினேன். என் அப்பா பெயரும் சிதம்பரம்தான், அவர் அந்தக் கோயிலுக்கு ஒரே ஒருமுறைதான் போயிருக்கிறார். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்தார். கூலிப் பதிவேட்டின் பக்கம், அதில் ஆளின் எண், அப்பா பெயர், கிராமம் எல்லாம் இருந்தது. "இதை யாரும் எனக்குப் படித்துக் காட்டவில்லை" என்றார். கிராமம் பண்ருட்டிப் பக்கம். மதியம் அங்கே போய் வந்தோம். சொந்தக்காரர் யாரும் கிடைக்கவில்லை. பலாப்பழம் வாங்கிக்கொண்டு வந்தார், அறை முழுக்க இரண்டு நாள் வாசனை.

முத்தியால்பேட்டைக்காரன்:

மஞ்சக்குப்பம் மாமா சொன்னபடி சக்குபந்தியைப் பார்த்தேன். பெரியப்பா காகிதத்திலும் அப்பா காகிதத்திலும் வடக்கே அதே மாதாக்கோயில் சுவர். லிவ்ரேயையும் தாத்தாவின் பிறப்புப் பதிவையும் தமிழில் பெயர்த்து, இரண்டு பெயரும் ஒரே குடும்பம் என்று பிரமாணப் பத்திரம் போட்டுக் கொடுத்தோம். நேற்று சான்றிதழ் வந்துவிட்டது.

அதில் பெரியப்பா பெயரைக் 'கிச்சன்சாமி' என்று அடித்திருக்கிறார்கள். திருத்த மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.