கையடக்கக் கருவியில் பிசி கேம்: கேம் ஓடுகிறது, எழுத்துதான் தெரியவில்லை

மேசைவாசி:
ஏழு அங்குலத் திரை உள்ள ஒரு ஹேண்ட்ஹெல்ட் வாங்கி மூன்று வாரம் ஆகிறது. வருடக்கணக்காக மேசையில் உட்கார்ந்து ஆடிய வியூக கேம்களைப் படுத்துக்கொண்டே ஆடலாம் என்று ரொம்ப ஆசைப்பட்டு வாங்கினேன். வேகத்தில் குறை இல்லை. ஆனால் ஒரு படையின் மேல் கர்சரை வைத்தால் வரும் குட்டிப் பெட்டியில் இருப்பது 3-ஆ 8-ஆ என்று தெரியவில்லை, நேற்று 8 என்று நம்பி அனுப்பிய படை ஒரே சண்டையில் காலி. பேட்டரியும் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. போகப் போகப் பழகிவிடுமா, இல்லை இந்த மாதிரி கேமே இதற்கு ஒத்துவராதா?

நடுநிசி:
எழுத்து பழகாது. மேசையில் இருக்கும் 24 அங்குல 1920x1080 திரையில் 12 பிக்சல் உயர எழுத்து என்றால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர். அதே காட்சியை 7 அங்குல 1280x800 திரைக்குச் சுருக்கினால் எழுத்துக்கு 8, 9 பிக்சல்தான் மிஞ்சும், உயரம் சுமார் 1 மில்லிமீட்டர். கருவியைக் கிட்டே பிடிப்பதால் கொஞ்சம் ஈடாகும், ஆனால் அவ்வளவு பிக்சலில் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் காட்டுவதே சிரமம், கண்ணாடி மாற்றியும் பயனில்லை. முதலில் கேம் அமைப்புகளில் யுஐ ஸ்கேல் (எழுத்து, பெட்டிகளைப் பெரிதாக்கும் வசதி) இருக்கிறதா பாருங்கள், இருந்தால் தயங்காமல் 130, 150 சதவீதம் என்று ஏற்றுங்கள். வாங்குவதற்கு முன்பே அதைத்தான் பார்க்க வேண்டும் என்பேன், கிராபிக்ஸ் எல்லாம் அப்புறம். உங்களுடையது வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் என்றால் ஸ்டீம் பொத்தானை அழுத்தியபடி எல்1 (இடது மேல்விளிம்புப் பொத்தான்) தட்டினால் பூதக்கண்ணாடி வரும், அவசரத்துக்கு உதவும்.

வாட்கணக்கு:
பேட்டரிக்கு என் பதில். 2022-இல் வந்த முதல் ஸ்டீம் டெக்கில் 40 வாட்-மணி பேட்டரி. சிப் 15 வாட் முழுசாக இழுத்தால் திரை, விசிறி எல்லாம் சேர்ந்து 22, 24 வாட் போகும், அப்படியென்றால் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. உங்கள் கருவியும் இந்தக் கணக்கில்தான் இருக்கும். வியூக கேமுக்கு அவ்வளவு தேவையே இல்லை. சிப்பை 8 வாட்டில் கட்டி, ஃபிரேமை (திரையில் ஓடும் படங்களை) நொடிக்கு 40-இல் நிறுத்திப் பாருங்கள், மூன்று மணி நேரத்தை நெருங்கும். ஏன் 40 என்றால், 30-இல் ஒரு ஃபிரேமுக்கு 33 மில்லிசெகண்ட், 60-இல் 17, 40-இல் 25. நேரத்தில் பார்த்தால் சரியாக நடுவில் நிற்கிறது, அதனால் கைக்கு இழுவை தெரியாது. ஆனால் திரையின் ரெஃப்ரெஷையும் (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதை) 40 ஹெர்ட்ஸ் அல்லது 80-க்கு மாற்ற முடிய வேண்டும், 60-லேயே விட்டால் படம் தடுக்கித் தடுக்கி ஓடும்.

கட்டைவிரல்:
கர்சரை ஸ்டிக்கில் நகர்த்துகிறீர்கள் என்றால் தயவுசெய்து நிறுத்துங்கள், கட்டைவிரல் அடிமூட்டு வலிக்கும், எனக்கு இரண்டு மாதம் வலித்தது. டச்பேட் இருந்தால் அதை மௌஸாக வையுங்கள். நான் கைரோவையும் (கருவியின் சாய்வை உணரும் சென்சார்) சேர்த்துக்கொண்டேன்: விரல் பேடில் பட்டிருக்கும்போது மட்டும் அது வேலை செய்யும், தூரத்துக்குப் பேட், கடைசி நாலு மில்லிமீட்டருக்கு மணிக்கட்டின் லேசான சாய்வு. இரண்டு நாள் தடுமாறுவீர்கள். பின்பக்கப் பொத்தான்களில் 'டர்ன் முடி', 'அடுத்த படை' இரண்டையும் போட்டுவிட்டால் கர்சர் வேலையே பாதி குறையும். அப்புறம் எடை, 600 கிராமுக்கு மேல் இருப்பதைப் படுத்தபடி முகத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்காதீர்கள், மார்பில் ஒரு தலையணை வைத்து அதில் சாய்த்துக்கொள்ளுங்கள்.

நடுநிசி:
இன்னொன்று, ஆன்லைன் கேம் ஆசை இருந்தால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். வேலோரன்ட் மாதிரி விண்டோஸுக்குள் ஆழமாக உட்காரும் ஆன்டி-சீட் (ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்கும் மென்பொருள்) உள்ளவை ஸ்டீம் டெக் மாதிரி லினக்ஸில் ஓடும் கருவிகளில் ஓடாது, விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் இருந்தாலும் சரி.

மேசைவாசி:
எல்லோருக்கும் நன்றி. நான் ஆடும் இரண்டு கேமில் ஒன்றில் யுஐ ஸ்கேல் இருக்கிறது, 140 வைத்தேன், எண்கள் பளிச்சென்று தெரிகின்றன, ஆனால் வரைபடத்தில் கால்வாசியைப் பெட்டிகள் மறைத்துவிட்டன. பரவாயில்லை, படை பிழைக்கிறது. 8 வாட்டில் நேற்று இரவு இரண்டே முக்கால் மணி நேரம் வந்தது. இன்னொரு கேமில் ஸ்கேலே இல்லை, அதை மேசைக்கே விட்டுவிட்டேன். கைரோ மட்டும் இன்னும் பிடிபடவில்லை, @கட்டைவிரல், சென்சிட்டிவிட்டி எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?