சின்சினாட்டியில் பார்த்த பச்சை ஹாமர்ஹெட்: ப்ரோட்டோடைப்தானா?

கொலம்பஸ்_செந்தில்:
வணக்கம். சின்சினாட்டிக்கு வெளியே ஒரு வீட்டில் எஸ்டேட் சேல் (வீட்டுப் பழைய சாமான் விற்பனை) நடக்கிறது. அங்கே ஸ்டார் வார்ஸ் ஹாமர்ஹெட் பொம்மை ஒன்று பார்த்தேன். 3¾ அங்குலம், பெயின்ட் கிடையாது, உடம்பு முழுக்க லேசாக ஒளி ஊடுருவும் பச்சை. "அப்பா கென்னர் பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தார், இது ப்ரோட்டோடைப் (விற்பனைக்கு முன் செய்த மாதிரி)" என்கிறார் அந்த வீட்டுப் பெண். 1,800 டாலர் கேட்கிறார். காலின் பின்புறம் ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. என்று மங்கலாகத் தெரிகிறது. நாளை வரை எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா?

பழைய_பிளாஸ்டிக்:
தம்பி, பணத்தை எடுக்காதீர்கள். கென்னர் இருந்தது சின்சினாட்டியில்தான், அதனால் அந்த ஊர்ப் பரண்களிலிருந்து நல்ல சரக்கு வந்திருப்பது உண்மை. அதே காரணத்தால் அந்த ஊரில் எல்லோருடைய அப்பாவும் கென்னரில்தான் வேலை பார்த்திருப்பார்!

பொம்மை எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால் பாதிச் சோதனை முடிந்தது. முதலில் சிற்பி மெழுகில் செதுக்குவார். அதிலிருந்து சிலிக்கான் அச்சு எடுத்து, யூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் சில பிரதிகள் வார்ப்பார்கள். இதுதான் ஹார்ட்காப்பி. இதை வைத்துத்தான் ஆசியத் தொழிற்சாலைக்கான எஃகு அச்சு செய்வார்கள். அந்த எஃகு அச்சில் சோதனைக்காக முதலில் அடித்துப் பார்ப்பது ஃபர்ஸ்ட் ஷாட். அப்போது கையில் இருக்கும் பிளாஸ்டிக்கைப் போட்டு அடிப்பதால் நிறம் கன்னாபின்னா என்று இருக்கும்.

உங்களுடையது பச்சை யூரித்தேன் என்றால், ஹார்ட்காப்பி என்று சொல்லி விற்கிறார்கள். கென்னரில் பச்சை ஹார்ட்காப்பி உண்டு, நிறத்தில் குறையில்லை. எனக்கு உறுத்துவது அந்த எழுத்து. ஜி.எம்.எஃப்.ஜி.ஐ. என்பது கென்னரின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மில்ஸ் ஃபன் குரூப்பின் சுருக்கம். இது வரும் பதிப்புரிமை வரியைப் பெரும்பாலும் எஃகு அச்சில்தான் பொறிப்பார்கள். அதற்கு முந்தைய ஹார்ட்காப்பியில், அதுவும் மங்கலாக, அந்த வரி எப்படி வந்தது? கடையில் விற்ற பொம்மையைச் சிலிக்கானில் அமுக்கி யாரோ மறுவார்ப்பு எடுத்திருக்கலாம்.

துல்லியமாக அளக்க வெர்னியர் கொண்டுபோங்கள். கூடவே சாதாரண ஹாமர்ஹெட் ஒன்றும் வேண்டும். எஃகு அச்சில் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். அதனால் ஹார்ட்காப்பி கடைப் பொம்மையைவிடத் துளி பெரிதாக, விவரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும். மறுவார்ப்பு என்றால் கடைப் பொம்மையைவிடச் சிறிதாகவோ அதே அளவாகவோ இருக்கும், தோல் மடிப்புகள் மழுங்கியிருக்கும். லூப்பில் (உருப்பெருக்கிக் கண்ணாடியில்) பார்க்கும்போது வரி வரியாகப் படிகள் தெரிந்தால் அது 3டி பிரிண்ட், பேச்சே வேண்டாம். பிளாஸ்டிக்கைச் சோதிக்கச் சூடான ஊசி, அசிட்டோன் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அசல் என்றால் நீங்களே அதைக் கெடுத்தவராவீர்கள்.

ராகவி:
சான்றிதழ் ஏதாவது கேட்டு வாங்கலாமே அண்ணா?

பழைய_பிளாஸ்டிக்:
சான்றிதழ் யார் தந்தது, எதைப் பார்த்துத் தந்தார்கள் என்பதுதான் விஷயம். பொம்மையும் காகிதமும் ஒன்றுக்கொன்று உரியவைதானா என்று அளவும் புகைப்படமும் சொல்ல வேண்டும்.

போபா ஃபெட் என்ற இன்னொரு ஸ்டார் வார்ஸ் பொம்மையின் கதையையே பாருங்கள். 1979-இல், பொம்மைகள் வாங்கியதற்கான நான்கு அத்தாட்சிகளை அனுப்பினால் ராக்கெட் சுடும் போபா ஃபெட் கிடைக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். சின்ன ராக்கெட் குழந்தை தொண்டையில் சிக்கும் என்ற பயத்தில், கடைசியில் ராக்கெட்டை ஒட்டி அனுப்பிவிட்டார்கள். சுடும் வகை ப்ரோட்டோடைப்பாக மட்டுமே தங்கியது. முதுகில் உள்ள பள்ளத்தின் வடிவத்தை வைத்து எல் ஸ்லாட், ஜே ஸ்லாட் என்று பிரிப்பார்கள். ஒரு ஜே ஸ்லாட் 2019-இல் 1,85,850 டாலருக்குப் போனது, 2024-இல் பெயின்ட் அடித்த ஒன்று 5,25,000 டாலர். இந்த விலையைப் பார்த்த பிறகு போலி செய்பவன் சும்மா இருப்பானா? அதனால் இதில் பொம்மையோடு சேர்த்து அது கைமாறி வந்த வழியையும் விசாரிப்பார்கள்.

கொலம்பஸ்_செந்தில்:
போய் வந்தேன். என் ஹாமர்ஹெட்டைவிட உயரத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் குறைவு. கழுத்து மடிப்புகளும் மொழுமொழு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கும் அது எப்போது வீட்டுக்கு வந்தது என்று தெரியவில்லை. ஆனால் அதே பெட்டியின் அடியில் பொம்மையை ஒட்டி விற்கும் தட்டையான அட்டை ஒன்று கிடந்தது. பொம்மை ஒட்டிய தடயமே இல்லை. தலைப்பு 'ரிவெஞ்ச் ஆஃப் தி ஜெடை' என்று இருக்கிறது. அச்சுப் பிழையா?

பழைய_பிளாஸ்டிக்:
பிழையில்லை தம்பி! 1983 மே மாதம் அந்த ஸ்டார் வார்ஸ் படம் வருவதற்குச் சில மாதங்கள் முன்புதான் 'ரிடர்ன் ஆஃப் தி ஜெடை' என்று தலைப்பை மாற்றினார்கள். அதற்குள் கென்னர் பழைய தலைப்பில் ப்ரூஃப் (சோதனை அச்சு) அட்டைகள் அடித்துவிட்டது. பொம்மை ஒட்டப்படாமல் இருப்பது ப்ரூஃபுக்குப் பொருந்துகிறது. மறுபதிப்புகளும் உலவுகின்றன, அதனால் லூப்பில் கறுப்பு எழுத்தைப் பாருங்கள். அசல் ஆஃப்செட் அச்சில் சின்ன எழுத்துகள் முழுக் கறுப்பாக, ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். ஸ்கேன் செய்து அடித்தது என்றால் எழுத்தே பல நிறப் புள்ளிகளாக உடைந்து தெரியும். முன்பக்கம், பின்பக்கம், நான்கு மூலைகள் எல்லாவற்றையும் படமெடுத்துப் போடுங்கள். அந்தப் பெண்ணிடம், அப்பாவின் சம்பளச் சீட்டோ கம்பெனிக் கடிதமோ பெட்டியில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.